மூடி வைத்த பாதி

அந்தத் துணிச் சோதனைக் கூடத்தில் அவர்கள் இருவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான்கு வருடம் ஆகிறது. ஒருத்தி பெண்வீட்டம்மா, இன்னொருவர் பிள்ளைவீட்டம்மாள். ஒரே மேசையில் எதிரெதிராகப் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள், ஒருத்தியின் மகளை மற்றவரின் மகனுக்குக் கட்டிக் கொடுத்த மறுநாளே இந்தப் பட்டங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. காவலாளிகூடக் காலையில் கதவைத் திறக்கும்போது, "பெண்வீடு வந்தாச்சு, பிள்ளைவீடு இன்னும் வரலை" என்றுதான் சொல்வார்.

பட்டத்தோடு மரியாதையும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் பெண்வீட்டம்மா மற்றவரை "அக்கா" என்பாள். அவர் இவளை "ஏண்டி, எருமை" என்பார். ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் கேட்காமலே எடுத்துத் தின்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு "வாங்க சம்பந்தி", "சாப்பிட்டீங்களா சம்பந்தி" என்றாகிவிட்டது. மரியாதை நல்லதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பு ஒரு அதட்டலில் முடிந்துபோன விஷயங்கள் எல்லாம் இப்போது தொண்டையிலேயே தங்கிப்போயின.

ஒரு துணியின் சாயம் வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. அறை மூலையில் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே கண்ணைப் பறிக்கும் செனான் விளக்கு. அதற்கு வெயில் பெட்டி என்று பெயர். வெளியே அடைமழை பெய்தாலும் அதற்குள் மட்டும் சித்திரை வெயில். சோதிக்க வேண்டிய துணியை விரல் நீளத்துக்கு வெட்டி, அட்டையில் வைத்து, இரண்டு முனைகளையும் கவ்விகளால் பிடித்து, பாதியைத் தகட்டால் மூடி உள்ளே தொங்கவிட வேண்டும். பக்கத்தில் இன்னொரு அட்டையில் எட்டு நீலக் கம்பளிக் கீற்றுகள். முதல் கீற்று சீக்கிரம் வெளுத்துவிடும், எட்டாவது லேசில் வெளுக்காது. துணி எந்தக் கீற்றோடு சேர்ந்து நிறம் மாறுகிறதோ அதுவே அதன் மதிப்பெண். ஆறாம் நாள் தகட்டை எடுத்துவிட்டு, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சாயம் தேறியது.

அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற கண் பிள்ளைவீட்டம்மாளுடையது. அவர்தான் மூத்தவர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்.

அந்தக் கண்ணைப் பற்றித்தான் சில நாள் முன்பு பெண்வீட்டம்மாவின் மகள் தொலைபேசியில் கிசுகிசுத்தாள்.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லாத. அத்தை நேத்து உப்புன்னு நினைச்சு சர்க்கரையை அள்ளிக் கொட்டிட்டாங்க. முந்தாநாள் படியில தடுமாறினாங்க. புரை விழுந்திருக்கும்னு நினைக்கிறேன். கேட்டா, 'என் கண்ணுக்கு என்ன கேடு'ன்னு கத்தறாங்க."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுதானே?"

"வேலை போயிடும்னு பயப்படறாங்கம்மா. இன்னும் ஏழே மாசம். நீயும் அங்க ஏதாவது வாயை விட்டுடாத. அப்புறம் என் தலைதான் உருளும்."

பெண்வீட்டம்மா வாயை விடவில்லை. அன்றிலிருந்து சம்பந்தியின் வேலையை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டாள், அவ்வளவுதான். சாய்ந்த அட்டையை நிமிர்த்தினாள். தேதி தப்பாக எழுதியிருந்தால் சத்தம் போடாமல் திருத்தினாள். ஆண்டவன் ஒருத்தருக்குக் கண்ணைக் குறைத்தால் பக்கத்தில் இருப்பவளுக்கு இரண்டைக் கூடுதலாகக் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கட்டைக்காரர் மூன்றாம் முறையாக வந்தார்.

மரக்கட்டைகளைக் கொதிக்க வைத்துக் கம்பளிக்குச் சாயம் ஏற்றுகிறவர் அவர். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். தச்சுப் பட்டறைகளில் கூட்டித் தள்ளுகிற சீவலை மூட்டை கட்டி எடுத்துப்போய், கொல்லையில் அண்டா வைத்து வேலை செய்கிறவர். நகர நூலகத்தில் வாசிப்புக் கூடத்தின் நாற்பது சன்னல்களுக்குக் கம்பளித் திரை வேண்டும் என்றிருந்தார்கள். மரச்சாயம்தான் வேண்டும், ஆனால் மதிப்பெண் ஐந்துக்குக் குறையக் கூடாது. முதல் தடவை பதிமுகக் கட்டையின் சிவப்பைக் கொண்டுவந்தார். அது இரண்டாம் நாளே காய்ச்சல்காரன் உதடு மாதிரி வெளுத்து, ஒன்று வாங்கியது. அடுத்தது ஏதோ ஒரு வெளிநாட்டுக் கட்டையின் ஊதா. அதற்கு இரண்டு.

"தாயி, இந்தத் தடவை பலாக்கட்டையும் வெத்தலைக்குப் போடற காசுக்கட்டியும். படிகாரம் போட்டுப் பக்குவமா ஏத்தியிருக்கேன்" என்று சொல்லி, தேன் நிறத்தில் ஒரு துண்டை மேசையில் வைத்தார். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, கட்டையை எடுத்துட்டு அண்டாவுல நானே இறங்கி உக்காந்துக்க வேண்டியதுதான்."

"உக்காருங்க, உங்களையும் பாதி மூடி வெச்சுப் பாத்து மார்க் போடறோம்" என்றார் பிள்ளைவீட்டம்மாள்.

"என் தலையைப் பாருங்கம்மா. மூடாமலே வெளுத்துப் போச்சு."

மூவரும் சிரித்தார்கள். மாலை மங்கிய நேரம் அது. பெண்வீட்டம்மா துண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினாள். மறுநாள் சம்பந்தி ஒரு கீற்றை வெட்டி அட்டையில் பொருத்தினார். மிச்சத்தைக் காகித உறையில் போட்டு இருட்டு இழுப்பறையில் வைத்தார். முதல் மூன்று நாள் பார்த்துக் குறிப்பது அவர் முறை, அடுத்த மூன்று நாள் இவள் முறை.

நான்காம் நாள் காலை. முந்தின இரவு இவள் கணவருக்கு மூச்சிரைப்பு. விடிய விடிய அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருந்து மாறி, நின்றுகொண்டே வந்து, முழங்கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. வெயில் பெட்டியை அணைத்து, கட்டைக்காரர் அட்டையை வெளியே எடுத்துத் தகட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

தகட்டுக்குக் கீழே இருந்த பாதி வெளிறியிருந்தது. திறந்திருந்த பாதி நல்ல அழுத்தமான நிறத்தில் இருந்தது.

வெளிச்சம் பட்ட பக்கம்தான் வெளுக்கும். பதினான்கு வருடமாக அவள் பார்த்த ஆலைச் சாயம் அத்தனையும் அப்படித்தான். அப்படியானால் நேற்று சம்பந்தி தகட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது பக்கம் மாற்றி வைத்துவிட்டார்! கண் போய்விட்டது, பாவம்.

பதிவேட்டைப் பார்த்தாள். மூன்றாம் நாளுக்கு நேரே, கொஞ்சம் கோணலான எழுத்தில், 'லேசான மாற்றம்' என்று இருந்தது.

இழுப்பறை எட்டடி தூரத்தில் இருந்தது. உறையைத் திறந்து மூலத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதுதான் முறையும்கூட. அவள் அந்த எட்டடி நடக்கவில்லை. மேசையின் எதிர்ப்பக்கத்தில் சம்பந்தி மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கேட்டால் மனசு நோகும். மேலாளர் காதுக்குப் போனால் ஏழு மாதமும் போகும். பெண்வீட்டம்மா சத்தமில்லாமல் தகட்டை எடுத்து மறு பாதியின் மேல் வைத்து, பெட்டிக்குள் தொங்கவிட்டு, கதவைச் சாத்தினாள். உதவி செய்கிற கை தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று முழுவதும், அத்தனை அசதியிலும், உள்ளே இதமாக இருந்தது.

ஆறாம் நாள் அட்டை வெளியே வந்தது. இரண்டு பாதியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோல் இருந்தன. சாம்பல் பூசிய பார்வை அறையில் விளக்கடியில் வைத்துச் சம்பந்தி ரொம்ப நேரம் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தார், தள்ளிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா சம்பந்தி?"

"இல்லைங்க சம்பந்தி. ஒண்ணும் தெரியலை."

"ம்" என்றார் அவர். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் கட்டைக்காரருக்குப் போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கட்டைக்காரர் வந்தார். சட்டை புதுசு. பிள்ளைவீட்டம்மாள் சாப்பிடப் போயிருந்தார்.

"தாயி, நூலகத்துல சரின்னுட்டாங்க! மிச்சத் துண்டு இருந்தாக் குடுங்க, மாதிரிக்கு அவங்ககிட்ட ஒண்ணு இருக்கணுமாம். திங்கக்கிழமை கம்பளி அண்டாவுல இறங்குது. என்கூட வேலை செய்யற ரெண்டு பொம்பளைங்களுக்கும் இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

"நாங்க என்ன பண்ணோம், சாயம் உங்களுது" என்றபடி அவள் இழுப்பறையைத் திறந்தாள். உறையிலிருந்து மூலத் துண்டை எடுத்தாள். அதே இழுப்பறையில் சோதித்த அட்டையும் இருந்தது.

அட்டையைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூலத் துண்டு தேன் நிறம். அட்டையில் இருந்த கீற்றோ, இரண்டு பாதியும் சேர்ந்து, கடுந்தேநீர் நிறம். அவள் விரலால் கவ்விகளை நெம்பினாள். கவ்வி பிடித்திருந்த இரண்டு முனைகளிலும், வெளிச்சமே படாத இடத்தில், நக அகலத்துக்குத் தேன் நிறம் அப்படியே இருந்தது.

இந்தச் சாயம் வெயிலில் வெளுக்கிற சாயம் இல்லை, கறுக்கிற சாயம். சம்பந்தி தகட்டைச் சரியாகத்தான் வைத்திருந்தார். வெளிறியதாக இவள் நினைத்த பாதிதான் உண்மையான நிறம். இவள் தகட்டை மாற்றி வைத்ததில் அதுவும் மூன்று நாள் வெயில் தின்று, மற்றதைப் போலவே கறுத்துவிட்டது. வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

"என்னம்மா, துண்டு இல்லையா?"

"இருக்கு, இருக்கு." கட்டைக்காரரிடம் துண்டைக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, சான்றிதழோடு சேர்த்து மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு போனார். அவர் படி இறங்குகிற சத்தம் கேட்டது. கூப்பிட வாய் வரவில்லை.

நாற்பது சன்னல். திரைச்சீலை என்றால் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். வெளியே நீட்டிய மடிப்பெல்லாம் கறுக்கும், உள்ளே ஒளிந்த மடிப்பு தேன் நிறத்தில் இருக்கும். இரண்டே மாதத்தில் கூடம் முழுக்க வரிக்குதிரைத் தோல் தொங்கும். அதன் பிறகு அந்த மனிதரிடம் யார் ஒரு முழம் கம்பளி வாங்குவார்கள்? சொல்லியாக வேண்டும். சொன்னால் ஏன் தகட்டை மாற்றினாய் என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலில் சம்பந்தியின் கண் இருந்தது, ஏழு மாதம் இருந்தது, மகளின் குடித்தனமும் இருந்தது.

அவள் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து, அப்படியே மூடினாள். கண்ணை மூடிக்கொண்டு, 'கடவுளே, யாரையாவது ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்னா யாரைன்னு நீயே சொல்லு' என்று கேட்டுப் பார்த்தாள். வெயில் பெட்டியின் உறுமல்தான் கேட்டது. கடவுள் இந்த மாதிரிக் கணக்குக்கெல்லாம் பதில் சொல்வதில்லை. கேள்வியே தப்பு என்று சில சமயம் காட்டுவார், அதுவும் நாம் எழுந்து நடந்தால்தான்.

நான்கு மணிக்கு எழுந்து, பார்வை அறைக்குப் போனாள். சம்பந்தி அங்கே தனியாக, விளக்கை அணைத்துவிட்டு, சாம்பல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சம்பந்தி, இருட்டுல?"

"கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன்."

பெண்வீட்டம்மா கதவைச் சாத்தினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நான்காம் நாள் பார்த்தது, தகட்டை மாற்றியது, இன்றைக்கு உறையைத் திறந்தது. சொல்லி முடித்தபோது அவள் சேலைத் தலைப்பு கையில் கயிறாக முறுக்கியிருந்தது.

சம்பந்தி சுவரிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"நான் தப்பா வெச்சிருப்பேன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"அது... வெளுத்த பாதி உள்ளே இருந்துச்சு..."

"பொய். என் மருமக சொல்லியிருப்பா. சர்க்கரைக் கதையைச் சொல்லியிருப்பா."

பெண்வீட்டம்மா தலை குனிந்தாள்.

"அவ சொல்லட்டும், சின்னப் பொண்ணு, பயந்திருப்பா. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எட்டடி தூரத்துல உக்காந்திருந்தேனே!"

"கேட்டா மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"இப்ப குளிர்ந்து போச்சா?" குரல் உடைந்தது. "மூணாம் நாள் எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதுடி! அந்த அரைக் கண்ணுலயும் தெரிஞ்சுது. ஒரு பக்கம் கறுத்திருக்குன்னு தோணுச்சு. துணிஞ்சு எழுதப் பயந்து 'லேசான மாற்றம்'னு எழுதினேன். ஆறாம் நாள் பாத்தா ரெண்டும் ஒண்ணு. உன்னையும் கேட்டேன், ஒண்ணும் தெரியலைன்ன. சரி, அன்னைக்குப் பாத்ததுதான் பொய், கண்ணு முழுசாப் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். பத்து நாளாத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினா கண்ணு திறக்காமப் போயிடுமோன்னு பயம். ஏண்டி எருமை, எனக்கு மிச்சம் இருந்த கண்ணையும் நீயே பிடுங்கிட்டியே!"

பெண்வீட்டம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, ஆனால் அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷியை அவள் தன் கண்ணையே நம்பாமல் செய்திருக்கிறாள். நமக்குத் தெரியாமல் நமக்குச் செய்யப்படுகிற உதவி, நம் வீட்டுக்குள் நம்மைக் கேட்காமல் சாமானை இடம் மாற்றி வைப்பது மாதிரி. வைத்தவருக்கு அது ஒழுங்காகத் தெரியும், இருட்டில் இடித்துக்கொள்வது நாம்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"எழுந்திரு. தரை ஜில்லுனு இருக்கு, உன் முழங்காலுக்கு ஆகாது" என்றார் சம்பந்தி. கோபம் போகவில்லை, இருந்தும் கை நீண்டது. "இப்ப என்ன பண்றதா உத்தேசம்?"

"மேலாளர்கிட்ட போய், நான் கை தவறித் தகட்டை மாத்தி வெச்சுட்டேன்னு சொல்லிடறேன். உங்க பேச்சே வராது. சத்தியமா."

"பதினாலு வருஷமாக் கை தவறாதவளுக்கு இப்ப ஏன் தவறிச்சுன்னு கேப்பார். அதுக்கு ஒரு பொய் சொல்லுவ. மறுபடியும் என்னை ஒரு தகட்டுக்கு அடியில வெச்சு மூடுவ. வேண்டாம்மா. மூடினது போதும். வா."

மேலாளர் வயதில் இருவருக்கும் மகன் மாதிரி. அவர் மேசையில் கோப்புகள் காது உயரத்துக்கு இருந்தன.

"ரெண்டு வீடும் சேந்து வந்திருக்கீங்க. பேரப் பிள்ளை சேதியா?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு சார்" என்றார் பிள்ளைவீட்டம்மாள். "எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்குன்னு நினைக்கிறேன். அஞ்சாறு மாசமா மறைச்சுட்டு வந்தேன். முதல்ல அதை எழுதிக்குங்க. மிச்சத்தை இவ சொல்லுவா."

சிரிப்பு மறைந்து மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்வீட்டம்மா மிச்சத்தைச் சொன்னாள். அட்டையையும், அதன் முனைகளில் இருந்த தேன் நிறத்தையும், பதிவேட்டில் 'லேசான மாற்றம்' என்ற வரியையும் காட்டினாள்.

"இந்த வரி ஒண்ணுதான் சரி சார். மத்ததெல்லாம் என்னால வந்தது."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தார்கள். திட்டுவதற்கும் அவருக்கு அலுப்பாக இருந்தது போலும்.

"சான்றிதழை ரத்து பண்ணணும். தகட்டை மாத்தினதுக்கு உங்களுக்கு ஒரு குறிப்பாணை உண்டு, அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க, அம்மா, கண் டாக்டர் கடிதம் வர்ற வரைக்கும் மதிப்பெண் போடக் கூடாது. அட்டை பொருத்துங்க, அதுக்கு உங்க கையை மிஞ்சி இங்க ஆள் இல்லை. அப்புறம் வேலையை யாரு பறிக்கப் போறாங்க? கண்ணை அறுவை பண்ணிட்டு வந்தா யாரும் வேண்டாம்னு சொல்லப் போறதில்லை. அஞ்சு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே."

ஐந்து மாதப் பயம் ஒரே வாக்கியத்தில் கரைந்துபோனால் சந்தோஷம் உடனே வருவதில்லை. முதலில் ஒரு சலிப்புத்தான் வருகிறது, இதற்கா இத்தனை என்று.

கட்டைக்காரரிடம் சொல்ல வேண்டியது மிச்சம் இருந்தது. பெண்வீட்டம்மா நின்றபடியே தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் சீவல் மூட்டையை யாரோ இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பாதி சொல்லும்போதே அந்தச் சத்தம் நின்றது.

"கறுக்குதா?" என்றார் அவர்.

"ஆமாங்க. தப்பு உங்க சாயத்துமேல மட்டும் இல்லை, என் மேலயும்தான். நான் முதல்லயே..."

"கட்டை நேத்தே ஊறப் போட்டுட்டேம்மா."

அவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி, ஊறட்டும். கட்டைதானே, எங்க ஓடிப் போவுது." மூட்டை மறுபடி இழுபடுகிற சத்தம் கேட்டது. "கம்பளி இன்னும் இறங்கலை. அந்த மட்டுக்கும் நல்லது, நீங்க இன்னைக்கே சொன்னீங்க. திரையைத் தொங்கவிட்ட பிறகு சொல்லியிருந்தா நான் அந்தச் சன்னல்லயே தொங்கியிருக்கணும்."

அவர் நன்றி என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மறு சோதனை தொடங்கியது. நூலகத்திடமிருந்து கட்டைக்காரரே துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார், அன்று பகடி ஒன்றும் இல்லாமல். பிள்ளைவீட்டம்மாள் விரலால் தடவித் தடவி அட்டையைப் பொருத்தினார். பெண்வீட்டம்மா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"பாரு. ஆனா பாத்ததை வாயால சொல்லு."

"கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்கு."

"அப்படிச் சொல்லிட்டுப் போயேன்" என்று அவர் நிமிர்த்தினார்.

ஆறு நாளும் ஒருத்தி பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதினார். அனுமதி இல்லாத கண் என்றாலும், அவருக்கு என்ன தெரிகிறது என்று இவள் தினமும் முதலில் அவரையே கேட்டாள். கடைசியில் மதிப்பெண் மூன்று வந்தது. பக்கத்தில், வெளிச்சத்தில் கறுக்கிறது, வெளுப்பதில்லை என்று ஒரு வரி எழுதி, மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

கட்டைக்காரர் அந்த அட்டையையே எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். ஒளிக்காமல் மேசையில் வைத்தார். வாசிப்புக் கூடம் கிடைக்கவில்லை. நாற்பது சன்னலும் வேறு யாருக்கோ போயிற்று. ஆனால் நூலகர் அட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பழைய ஏடுகள் வைக்கிற பின்கட்டு அறையில் வெயிலே எட்டிப் பார்க்காத ஒன்பது சன்னல்கள் இருப்பதாகச் சொன்னாராம். "இவ்வளவு நாள்ல தன் சரக்கோட குறையைத் தானே தூக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றும் சொன்னாராம். இதைக் கட்டைக்காரர் வந்து சொன்னபோது அவர் முகத்தில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஒன்பது என்பது நாற்பது இல்லை. கூட வேலை செய்கிற இரண்டு பேருக்கும் வருடம் முழுக்க என்றது இப்போது மூன்று மாதத்துக்கு வேலை.

"மூணு மாசம் மூணு மாசம்தானே தாயி. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "வெயில்ல முன்னாடியே காயப்போட்டு, கறுக்கற மட்டும் கறுக்க விட்டு, அப்புறம் கொண்டுவந்தா என்ன மார்க் வரும்?" என்று கேட்டார்.

பெண்வீட்டம்மா சம்பந்தியைப் பார்த்தாள். சம்பந்தி, "கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

அடுத்த மாதம் கண் மருத்துவமனையில் நாள் கொடுத்தார்கள். மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, மருமகளுக்கு உடம்பு சரியில்லை. பெண்வீட்டம்மா தன் விடுப்பில் ஒரு நாளை எழுதிக் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். குறிப்பாணை வந்த பிறகு எடுக்கிற முதல் விடுப்பு அது. மேலாளர் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. இருவரும் சிமெண்டு பெஞ்சில், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவமனைச் சீட்டை யார் வைத்திருப்பது என்று ஒரு சின்னச் சண்டை நடந்து, அது பெண்வீட்டம்மா பைக்குள் போயிற்று. மங்கலாக விடிந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு பேருந்து திரும்பியது.

பிள்ளைவீட்டம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வழக்கம்போலத் தெரிந்த மாதிரி எழுந்து நிற்பார் என்று இவள் நினைத்தாள். அவர் எழவில்லை.

"எந்த பஸ்ஸுடி அது? எனக்கு நம்பர் தெரியலை."

"நம்மளுது இல்லக்கா. அடுத்தது வரும், உக்காரு."